கால் வீக்கத்துக்கு ஆபரேஷன்: உள்ளே இருப்பது நீரா, கொழுப்பா?

கேட்கப்பட்டது இது: “கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து ஏழு வருஷம் ஆகிறது. புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் அம்மாவின் இடது கால் அன்றிலிருந்து வீங்கியே இருக்கிறது. பேண்டேஜ், ஸ்டாக்கிங்ஸ், மசாஜ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நிணநீர்க் குழாயை ரத்தக் குழாயோடு இணைத்தால் வடிந்துவிடும் என்கிறார் ஒரு டாக்டர். கொழுப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?”

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒருவர் நீரைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் கொழுப்பைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் அம்மாவின் காலில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் யார் பக்கமும் சாய முடியாது. இந்தக் கால்களோடு பல வருஷம் மல்லாடிய பிளாஸ்டிக் சர்ஜன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த ஆபரேஷன் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கட்டைவிரலால் ஒரு சோதனை. அம்மாவை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். தொட்டுவிட்டு எடுப்பதில் பயனில்லை. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். பல இடங்களில் இரண்டு விநாடி அழுத்திவிட்டு “குழி விழவில்லை” என்று எழுதிவிடுகிறார்கள், அது கணக்கில் வராது. விரலை எடுத்ததும் ஆழமான பள்ளம் தெரிந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. ஒரு நிமிடம் அழுத்தியும் ரப்பர் பந்துபோல் அப்படியே நின்றால், வீக்கத்தில் பெரும்பங்கு கொழுப்பும் நாரும். இதே சோதனையைத் தொடையிலும் செய்யுங்கள். கெண்டைக்கால் ஒரு மாதிரியும் தொடை வேறு மாதிரியும் இருப்பது சகஜம். கூடவே, இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில், மேல்பக்கத் தோலை மடித்துக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு எடுக்க வராமல் தடித்திருந்தால், அதை ஸ்டெம்மர் குறி என்பார்கள், நிணநீர் வீக்கம் என்பது ஏறக்குறைய உறுதி.

நீர் எப்படிக் கொழுப்பாகிறது என்று கேட்பீர்கள். நீர் கொழுப்பாக மாறுவதில்லை, நீர் தேங்கிய இடத்தில் கொழுப்பு வளர்கிறது. ரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது கொஞ்சம் நீரும் புரதமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததில் பெரும்பகுதி சிரை வழியே ரத்தத்துக்குத் திரும்பிவிடும் என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் பாடப்புத்தகம் சொன்னது. அது திருத்தப்பட்டுவிட்டது. பெரும்பாலான திசுக்களில், கசிந்தது ஏறக்குறைய முழுவதையும் நிணநீர் நாளங்கள்தான் அள்ளிக்கொண்டு போகின்றன, அவற்றுக்குள் ஓடும் அந்த நீரே நிணநீர். இந்த நாளங்களின் சுவரில் தசை இருக்கிறது, உள்ளே வால்வுகள் இருக்கின்றன. சின்னச் சின்ன இதயங்கள்போல் தாமாகவே சுருங்கி நீரை மேலே தள்ளும். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்போமே, அந்த நெறிதான் வழியில் இருக்கும் நிணநீர்க் கணு.

இடுப்புக்குள்ளிருந்தோ தொடையிடுக்கிலிருந்தோ அந்தக் கணுக்களை வெட்டி எடுத்து, மேலே கதிர்வீச்சும் கொடுத்தால் பாதை அடைபடுகிறது. கீழே இருக்கும் நாளங்கள் அடைப்பை எதிர்த்துத் தள்ளிப் பார்க்கின்றன. முதலில் விரிகின்றன. அப்புறம் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. கடைசியில் வெள்ளை நூல்போல் இறுகிப்போகின்றன. வெளியே தேங்கிய புரத நீர் தோலுக்கடியில் அழற்சியை உண்டாக்கி, கொழுப்பையும் நாரையும் வளர்க்கிறது. ஆரம்பத்தில் படுத்து எழுந்தால் வற்றும் கால், சில வருஷங்களில் படுத்தாலும் வற்றாத காலாகிவிடுகிறது. அதன்பின் எத்தனை பேண்டேஜ் கட்டினாலும் நீர் மட்டும்தான் வெளியேறும், கொழுப்பு பேண்டேஜுக்குப் பயந்து ஓடாது. “பேண்டேஜ் வேலை செய்யவில்லை” என்று பலர் சொல்வதன் உண்மை இதுதான். அது தன் வேலையைச் செய்துவிட்டது, மிச்சம் இருப்பது அதன் வேலை இல்லை.

ஆபரேஷன் பேச்சுக்கு முன்னால் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். பல வருஷம் ஒரே அளவில் இருந்த கால், சில வாரங்களில் திடீரென்று பெருத்தாலோ, புதிதாக வலி வந்தாலோ, முதலில் இடுப்புக்கும் கால் சிரைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். புற்றுநோய் திரும்பி கணுக்களை அழுத்தலாம், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். மற்றபடி கால் வீங்குவதெல்லாம் நிணநீர் வீக்கம் இல்லை. இதயம், சிறுநீரகம், தைராய்டு, சிரை வால்வு பழுது, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரை எதுவும் காரணமாகலாம். இரண்டு காலும் ஒரே சீராகப் பருத்து, தொட்டால் வலித்து, பாதம் மட்டும் மெலிந்தே இருந்தால் அது லிபிடிமா என்ற வேறு நோய். அதற்கு நிணநீர் இணைப்பு செய்வது வீண். சிறுநீர் பெருக்கும் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை: நிணநீர் வீக்கத்துக்கு அது மருந்தே இல்லை. நீரை எடுக்கும், புரதத்தை விட்டுவைக்கும்.

அடுத்து, காய்ச்சலும் குளிரும் வந்து கால் செக்கச்செவேலென்று சிவந்து சுடும் செல்லுலைட்டிஸ். அம்மாவுக்கு எத்தனை தடவை வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் அது மிச்சமிருக்கும் நல்ல நாளங்களில் சிலவற்றைக் கொன்றுவிட்டுத்தான் போகும். இதைத் தடுக்க இரண்டு எளிய வழிகளுக்கு உறுதியான ஆதாரம் உண்டு. 2013இல் வெளியான ஒரு ஆய்வில், காலில் செல்லுலைட்டிஸ் திரும்பத் திரும்ப வந்த 274 பேரில் ஒரு பாதிக்கு தினம் இரு வேளை 250 மில்லிகிராம் பென்சிலின், ஒரு வருஷம் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்தது. மாத்திரையை நிறுத்தியதும் பலன் மெல்லக் கரைந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில் 84 பேர். அமுக்க உடை அணிந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும், அணியாதவர்களில் 40 சதவீதம் பேருக்கும் திரும்பியது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஒரு ஸ்டாக்கிங்ஸும் ஒரு மாத்திரையும் இவ்வளவு செய்யும்போது, விரலிடுக்குப் புண்ணையும் தோல் வெடிப்பையும் கவனிக்காமல் மைக்ராஸ்கோப் ஆபரேஷனுக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. என் நோயாளிகளுக்கு முதலில் கால் விரலிடுக்கைத் துடைத்து உலரவைக்கத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

சரி, இதெல்லாம் ஆகி, சில மாதங்கள் ஒழுங்காக பேண்டேஜ் கட்டி, வடிய வேண்டிய நீர் வடிந்த பிறகும் கால் பெரிதாக இருக்கிறது என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம்.

பரிசோதனையில் முக்கியமானது பச்சைச் சாயப் படம். இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைக் கால் விரலிடுக்குகளில் துளியளவு ஊசியில் ஏற்றுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு அகச்சிவப்புக் கேமராவைக் காலின் மேல் நகர்த்தினால், திரையில் நாளங்கள் வெள்ளைக் கோடாக மின்னும். ஆரோக்கியமான காலில் கோடு காலின் உட்பக்கமாக நேராகத் தொடையிடுக்குவரை ஓடும். நோயுற்ற காலில் அந்தக் கோடு ஓரிடத்தில் நின்று, சாயம் தோலுக்குள் சிதறும். முதலில் தெளித்த மாதிரி, முற்றினால் நட்சத்திரத் தூள் மாதிரி, இன்னும் முற்றினால் ஒரே வெள்ளை மேகமாக. நோயாளிகள் இந்தத் திரையைப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள். இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது அன்றுதான் தெரிகிறது. இந்தக் கேமராவுக்குத் தோலுக்கடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் கண் தெரியும். இடுப்புக்குள் நடப்பதை அறிய டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் நிணநீர் ஸ்கேன் வேண்டும். கொழுப்பும் நீரும் எங்கெங்கே என்று எம்ஆர்ஐ காட்டும்.

இனி முதல் டாக்டர் சொன்ன இணைப்பு ஆபரேஷன். கோடாக ஓடும் நாளங்கள் படத்தில் இருந்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. அடைப்புக்குக் கீழே, இன்னும் உயிருள்ள நிணநீர் நாளத்தைப் பக்கத்திலேயே தோலுக்கடியில் ஓடும் ஒரு சின்னச் சிரையோடு இணைத்துவிட்டால், இடுப்புவரை போக வேண்டிய நீர் காலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிடும். எண்ணம் பழையது. 1960களிலேயே போலந்தில் கணுவையே சிரையோடு இணைத்துப் பார்த்தார்கள். 1977இல் மெல்போர்னின் பெர்னார்ட் ஓ'பிரையன் குழுவினர் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே நாளத்தைச் சிரையோடு தைத்ததை எழுதினார்கள். இதை இன்றைய நுட்பமாக வளர்த்ததில் ஜப்பானின் இசாவோ கோஷிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 0.8 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களைத் தைப்பதற்கு சூப்பர் மைக்ரோசர்ஜரி என்றே பெயர் வந்தது.

செய்வது இப்படித்தான். தோலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. மரப்பு ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதேகூடச் செய்யலாம். கொழுப்புக்குள் தேடினால் நாளம் கிடைக்கும். பக்கத்தில் நீலச் சாயம் ஏற்றியிருந்தால் இளநீலமாகத் தெரியும், இல்லாவிட்டால் கண்ணாடிக் குழாய்போல் நிறமற்று இருக்கும். அரை மில்லிமீட்டர் அகலம். நூல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மூச்சுக் காற்று பட்டாலே பறக்கும், தரையில் விழுந்தால் தேடிப் பயனில்லை. ஆறேழு தையல் போட்டு, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுக்கும் நொடிதான் எங்களுக்குத் தீர்ப்பு நாள். நல்ல நாளமாக இருந்தால், தெளிந்த நிணநீர் உள்ளே பாய்ந்து சிரையிலிருக்கும் சிவப்பைக் கழுவிக்கொண்டு போகும். சிரை கொஞ்ச தூரத்துக்கு வெளிறிப்போவது மைக்ராஸ்கோப்பில் அப்படியே தெரியும். நாளம் செத்துப்போயிருந்தால் நேர் எதிர்: சிரை ரத்தம் நாளத்துக்குள் பின்னோக்கி ஏறும். அந்த இணைப்பு சில நாட்களில் உறைந்து அடைபடும். அதனால்தான் வால்வு சரியாக இருக்கும், ரத்தம் பின்னோக்கி வராத சிரையாகத் தேடி எடுக்கிறோம். ஒரே காலில் மூன்று, நான்கு, ஐந்து இடங்களில் இப்படிச் செய்வோம்.

கையைவிடக் காலில் பலன் குறைவு. நிற்கும்போது கால் சிரைகளில் அழுத்தம் அதிகம், நிணநீர் அதை எதிர்த்துத்தான் நுழைய வேண்டும். சீக்கிரம் வந்தவர்களுக்கு நன்றாகப் பலிக்கிறது. கால் கனம் குறைந்தது, இறுக்கம் போயிற்று, வருஷத்துக்கு நான்கு தடவை வந்த காய்ச்சல் ஒரு தடவையாயிற்று என்கிறார்கள். செல்லுலைட்டிஸ் குறைவதுதான் இந்த ஆபரேஷனின் பெரிய பலன் என்பது என் அபிப்பிராயம். டேப் வைத்து அளந்தால் சுற்றளவு பெரிதாக மாறாதவர்களும் இதைச் சொல்கிறார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நுட்பம் கைக்கு வந்த புதிதில், பத்து வருஷத்துக்கு மேல் வீங்கிய காலோடு ஒரு பெண்மணி வந்தார். அழுத்தினால் குழியே இல்லை. பச்சைச் சாயப் படத்தில் கணுக்காலுக்கு மேல் ஒரே மேகம். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஐந்து இணைப்புகள் போட்டேன். அவற்றில் இரண்டில்தான் நிணநீர் ஓடியது, மற்ற மூன்று நாளங்களும் பிடித்து இழுத்தால் நூல்போல் வந்தன. ஒரு வருஷம் கழித்து டேப் அதே எண்ணைக் காட்டியது. அவர் என்னைத் திட்டவில்லை. “அளந்து பாருங்க டாக்டர், இன்னொரு தடவை” என்றார். இன்னொரு தடவை அளந்தேன். அவருடைய காலில் வடிக்க நீரே இல்லை. பின்னால் வேறொரு சர்ஜன், கொழுப்பை உறிஞ்சும் லிபோசக்‌ஷன் செய்தபோது ஜாடி ஜாடியாக மஞ்சள் கொழுப்பு வந்தது.

அதுதான் இரண்டாவது டாக்டர் சொன்ன வழி. அழகுக்காக வயிற்றில் செய்யும் லிபோசக்‌ஷனைப் பார்த்துவிட்டு இதை மலிவாக நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் மால்மோ நகரில் ஹோகன் புரோர்சன் 1987இல் தொடங்கி, வீங்கிய கைகளுக்கும் பிறகு கால்களுக்கும் செய்து, வருஷக்கணக்கில் அளந்து அளந்து எழுதினார். அந்தத் தொடர் அளவீடுகளால்தான் உலகம் இதை நம்பியது. மேல் தொடையில் இறுக்குப் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் பல துளைகள் போட்டு, அதிரும் குழாயால் காலைச் சுற்றிலும் நீளவாக்கில் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். நாளங்களும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, அதனால் குழாயைக் குறுக்கே ஓட்டுவதில்லை. ஒரு காலிலிருந்து பல லிட்டர் வரும். மேசையை விட்டு இறங்குவதற்கு முன்பே, அதே அறையில் அமுக்க உடை மாட்டியாக வேண்டும். அந்த உடையை நல்ல காலின் அளவுக்கு முன்கூட்டியே தைத்து வாங்கி வைத்திருப்பார்கள். வீங்கிய காலுக்கு நல்ல காலின் அளவில் உடையா என்று நோயாளிகள் திகைப்பார்கள். உறிஞ்சி முடித்ததும் அது ஏறிவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை: அழுத்தினால் சில மில்லிமீட்டருக்கு மேல் குழி விழும் காலில் இதைச் செய்யக் கூடாது. முதலில் பேண்டேஜால் நீரை வடித்துவிட்டு வர வேண்டும். நீரை உறிஞ்சி எடுப்பதற்கு ஆபரேஷன் எதற்கு?

இன்னொரு நிபந்தனை நோயாளி சம்மதிக்க வேண்டியது. அமுக்க உடையை இரவு பகலாக, இருபத்துநான்கு மணி நேரமும், வாழ்நாள் முழுக்க அணிய வேண்டும். குளிக்கவும் உடை மாற்றவும் மட்டும் கழற்றலாம். லிபோசக்‌ஷன் கொழுப்பை எடுக்கிறது, அடைபட்ட பாதையைத் திறப்பதில்லை. நீர் மறுபடி சேராமல் பிடித்து வைப்பது அந்த உடைதான். கையில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷமானவர்களிடம் ஒரே வாரம் உடையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார் புரோர்சன். கை கண்ணெதிரே வீங்கியது. திரும்ப அணிந்ததும் இறங்கியது. உடை சில மாதங்களில் தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும், கால் மெலியும்போது அளவைக் குறைத்துத் தைக்க வேண்டும். இப்போதே ஸ்டாக்கிங்ஸ் போட அம்மா அடம்பிடிக்கிறார் என்றால் லிபோசக்‌ஷனை மறந்துவிடுங்கள். நான் கடுமையாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். கழற்றி எறிந்த ஸ்டாக்கிங்ஸோடு திரும்பி வந்த கால்களைப் பார்த்தவன் சொல்கிறேன். ஒழுங்காக அணிபவர்களுக்கோ, இரண்டு காலும் ஒரே அளவுக்கு வந்து பல வருஷம் அப்படியே நிற்பதை அதே மால்மோ அளவீடுகளில் பார்க்கலாம்.

இன்னொரு வழி, உடம்பின் வேறு இடத்திலிருந்து நிணநீர்க் கணுக்களை அவற்றின் தமனி, சிரையோடு எடுத்து வந்து, காலில் ரத்தக் குழாயோடு இணைத்து நடுவது. படத்தில் கோடே இல்லாத, இணைக்க நாளம் கிடைக்காத, ஆனால் இன்னும் நீர் நிறைந்த காலுக்கு இதை யோசிப்போம். பாரிஸின் கோரின் பெக்கர் இதைப் பரவலாக அறியச் செய்தவர். நட்ட கணு சுற்றிலும் புது நாளங்கள் முளைக்கத் தூண்டுகிறது, தானும் நீரை உறிஞ்சி உள்ளிருக்கும் சிரைக்குள் விடுகிறது. பலன் தெரிய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். இங்கே கேட்க வேண்டியது, கணுவை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது. நல்ல காலின் தொடையிடுக்கிலிருந்து எடுத்து அந்தக் காலும் வீங்கிப்போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. அதனால் காலை வடிக்கும் கணுக்கள் எவை என்று கதிரியக்கப் பொருளால் முதலில் அடையாளம் வைத்து, அவற்றைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் எடுக்கும் முறை வந்தது. இப்போது பலர் கழுத்து, தாடையடி, வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை ஆகிய இடங்களை நாடுகிறார்கள். வயிற்றுத் திரையிலிருந்து எடுத்தால் கை கால் வீங்கும் பயம் இல்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் ஆனதால் வயிற்றுக்குள் ஒட்டுதல்கள் இருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெட்டி எடுக்கும் பழைய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர் ரிச்சர்ட் ஹேவ்லாக் சார்ல்ஸின் பெயரால் வழங்கும், 1912இல் எழுதப்பட்ட ஆபரேஷனில், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோலையும் கொழுப்பையும் தசை உறைவரை உரித்து எடுத்துவிட்டு, மேலே தோல் ஒட்டுப் போடுவார்கள். ஒட்டு பிடித்தாலும் கால் குச்சிபோல் ஆகி, பாதமும் தொடையும் மட்டும் புடைத்து நிற்கும். ஒட்டின் மேல் சொரசொரப்பும் கசிவும் வருஷக்கணக்கில் தொல்லை தரும். யானைக்கால் முற்றி, தோல் கருங்கல்போல் ஆகி, மடிப்புக்குள் புழு வைக்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டும், வேறு வழியே இல்லாமல், இன்றும் இதன் மாற்று வடிவங்களைச் செய்கிறோம். அதற்கும் நான்கு வருஷம் முன்னால், 1908இல், லண்டனில் சாம்ப்சன் ஹேண்ட்லி தோலுக்கடியில் பட்டு நூல்களைப் புதைத்து, அவற்றின் வழியே நீர் மேலே ஊறி ஏறும் என்று எதிர்பார்த்தார். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல. நூல் அழுகி வெளியே வந்ததுதான் மிச்சம். அன்று அவர் தேடியதையே இன்று நாங்கள் மைக்ராஸ்கோப்போடு தேடுகிறோம்.

யானைக்கால் புழுவால் வந்த வீக்கம் என்றால் கதை கொஞ்சம் மாறும். அங்கே மேலே ஒரு இடத்தில் அடைப்பு இல்லை, நாளங்கள் முழுக்க விரிந்து வால்வு கெட்டுக் கிடக்கின்றன. அவர்களுக்குத் தினம் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துவதும் செல்லுலைட்டிஸைத் தடுப்பதும்தான் முதன்மைச் சிகிச்சை. பிறவியிலேயே நாளம் குறைந்தவர்களுக்கும் இணைப்பின் பலன் குறைவாகவே வரும்.

இனி உங்கள் அம்மாவுக்கு வருவோம். ஏழு வருஷக் கால் என்பதால் நீரும் கொழுப்பும் கலந்துதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கலப்புக் காலுக்கு இரண்டு டாக்டர்களும் அடுத்தடுத்து தேவைப்படலாம். சில குழுக்கள் முதலில் இணைப்போ கணு நடவோ செய்து நீரைக் குறைத்து, ஒரு வருஷம் கழித்து மிஞ்சிய கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். சிலர் முதலில் கொழுப்பை எடுத்து, இளைத்த காலில் இணைப்பு செய்கிறார்கள். நான் முதல் வழிக்காரன். உடல் எடை மிகுதியாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் எடை. நிணநீர் வடிவதைக் கெடுக்கப் பருமன் ஒன்றே போதும், எடை குறையாத காலில் எந்த இணைப்பும் நிற்காது.

எந்த சர்ஜனிடம் போனாலும் சிலவற்றைக் கேளுங்கள். பச்சைச் சாயப் படம் எடுத்தீர்களா, அதில் கோடு தெரிகிறதா, மேகமா? இதுவரை செய்த கால்களை ஒரு வருஷம் கழித்து அளந்து வைத்திருக்கிறீர்களா? ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு நாள் ஸ்டாக்கிங்ஸ்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “தேவையே இல்லை” என்று உடனே பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். இணைப்பு செய்தவர்களில் சிலர் பின்னாளில் ஸ்டாக்கிங்ஸை விட்டது உண்மை. ஆனால் அதை முன்கூட்டியே வாக்குறுதியாகத் தர யாராலும் முடியாது.

பல வருஷம் வீங்கிய காலில் ரத்தக்கட்டு மாதிரி ஊதா நிறத்தில் ஒரு திட்டோ கட்டியோ தோன்றினால், அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடாமல் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். மிக அரிது, ஆனால் நீண்டகால நிணநீர் வீக்கத்தில் ரத்தநாளப் புற்று ஒன்று அப்படித்தான் தொடங்கும். ஸ்டுவர்ட்டும் ட்ரீவ்ஸும் 1948இல் வீங்கிய கைகளில் அதை விவரித்தார்கள்.

சர்ஜனைப் பார்க்கும்வரை வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். தையல் டேப் ஒன்று எடுத்து, கணுக்காலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு 4 சென்டிமீட்டருக்கும் பேனாவால் புள்ளி வைத்து, தொடையிடுக்குவரை சுற்றளவை அளந்து எழுதுங்கள். இரண்டு காலுக்கும். காலையில், படுக்கையிலிருந்து எழுந்ததும், எப்போதும் ஒரே நேரத்தில். இந்த எண்களிலிருந்து ஒரு கால் இன்னொன்றைவிட எத்தனை மில்லிலிட்டர் பெரிது என்று கணக்குப் போட்டுவிடலாம். கூடவே அந்த ஒரு நிமிடக் கட்டைவிரல் சோதனை, கெண்டைக்காலில் எவ்வளவு ஆழம், தொடையில் எவ்வளவு ஆழம், எந்தத் தேதி. மாதம் ஒரு தடவை போதும். மூன்று மாதத்துக்கான தாளோடு போனால், சர்ஜன் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கால் பாதி பதிலைச் சொல்லியிருக்கும்.